எதற்கும் ஓகே சொல்லாத கேன்சல் அண்ணன்

கம்ப்யூட்டர் கேட்ட ஒரு கேள்விக்குக்கூடச் சம்மதம் சொல்லாமல், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தே பிழைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் கோயமுத்தூர் காந்திபுரத்தில் இருந்தார். இன்னும் குறிப்பாகச் சொன்னால், என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

பெயர் கேன்சல் அண்ணன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் அவர் வீட்டிலேயே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். திரையில் 'ஓகே', 'கேன்சல்' என்று இரண்டு பொத்தான்கள் வந்தால் கேன்சலை அமுக்குவார். 'யெஸ்', 'நோ' என்று வந்தால் நோ. ஓகே மட்டும்தான் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால், எழுந்துபோய்ச் சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

மனிதர்களிடமும் அப்படித்தான். சாப்பிட்டுப் போறீங்களா அண்ணா என்றால், "பாக்கலாமுங்க." நாளைக்கு வருவீங்களா என்றால், "பாக்கலாமுங்க." மழை வரும்போல இருக்கிறதே என்று சும்மா சொன்னால்கூட, வானத்தை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாக்கலாமுங்க."

கம்ப்யூட்டருக்கு வருவதற்குமுன் பீளமேட்டில் பம்பு செட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பித்ததும், ஒரு மாதம் எங்கோ ஒரு கோர்ஸ் போய்விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஆனால் மனசு வரவில்லை. "மோட்டாரு கேள்வி கேக்காதுங்க தம்பி. ஓடும், இல்லாட்டிப் புகையும். இது என்னடான்னா எடுத்ததுக்கெல்லாம் நம்மளக் கேக்குது" என்று அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நான் இருந்தேன்.

நான் அப்போது சரசக்காவின் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். சரசக்கா எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்தவர். எதிர்வரிசையில் ஒருவர் இன்டர்நெட் என்று போர்டு மாட்டியதைப் பார்த்ததும், ஒரு மில் ஆபீசில் கழித்துக்கட்டிய ஐந்து கம்ப்யூட்டர்களை வாங்கிப் பின் அறையில் வரிசையாக வைத்துவிட்டார். ஒரு பக்கம் திறப்பதற்குள், பக்கத்து பேக்கரிக்குப் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு, அங்கிருக்கும் பேப்பரையும் படித்துவிட்டு வரலாம். வந்து பார்த்தால், 'பக்கத்தைக் காட்ட இயலவில்லை' என்று இருக்கும்.

சரசக்காவுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல முடியாது. இருந்த பொறுமைக்கு ஒரு கடைசித் தேதி போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, பிளஸ் டூ ரிசல்ட்டு கம்ப்யூட்டர்ல வருதாமா. அன்னிக்கு ஊரே வரும். அன்னிக்கு இதுக ஓடுனா வெச்சுக்கறேன். இல்லீன்னா அஞ்சையும் தாட்டி உட்டுப்போட்டு, வெட் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கப் போறேன். மாவு ஹேங் ஆகாது பாரு."

மாவுக்கடையில் எனக்கு வேலை இருக்காது. கருமத்தம்பட்டிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அப்பா தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குமுன் தோட்டங்களில் கூலி வேலை. எங்கள் வீட்டில் கையெழுத்துக்குமேல் எழுதப் படித்த முதல் ஆள் நான்தான், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா குறை சொல்லவில்லை. "உனக்குன்னு ரெண்டு தறி கேட்டு வெச்சிருக்கறேன். இருக்கட்டும், அவசரமில்லை" என்று மட்டும் சொன்னார். அந்த 'இருக்கட்டும்' என்னைத் தூங்கவிடவில்லை. ஆக, என் படிப்பு, வேலை, மானம் எல்லாம் ஐந்து பழைய மெஷின்களின் கையில். அந்த ஐந்தும் கேன்சல் அண்ணன் கையில்.

அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லாருக்கும் ஒரு செய்திப் பெட்டி பழக்கம். 'இந்த புரோகிராம் இல்லீகல் ஆபரேஷன் செய்துவிட்டது, மூடப்படும்' என்று திரையின் நடுவில் வந்து நிற்கும். நாமெல்லாம் படிக்காமலே மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அண்ணன் படிப்பார். விரலைத் திரையில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"தம்பி, இல்லீகல்னா?"

"சட்டவிரோதமுங்க அண்ணா."

"ஆரு பண்ணுனது?"

"பிரவுசருங்க."

"அது பண்ணுன தப்புக்கு நாம எதுக்குங்க பொத்தான அமுக்கோணும்? நாளைக்கு ஆராச்சும் வந்து, ஏனுங்க, நீங்கதான அமுக்குனீங்கன்னு கேட்டா?"

"ஆரும் வர மாட்டாங்க அண்ணா. மூடுனாப் போதும்."

"பாக்கலாமுங்க" என்பார். பிளக்கு போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? ஒழுங்காக மூடவில்லையே என்று கோபித்துக்கொண்டு, நீலத் திரையில் உள்ளே எல்லாவற்றையும் துழாவிப் பார்க்கும். துழாவி முடித்துவிட்டு, கண்ட தப்பைத் திருத்தலாமா என்று அதுவும் ஒரு கேள்வி கேட்கும். அண்ணன் மறுபடி சுவரை நோக்கி நடப்பார். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே அமுக்குவது. அவர் ஒரு நாளைக்குக் குடித்த அத்தனை டீக்கும் என் அவசரம்தான் காரணம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஒரு தடவை ஓகே சொன்னா என்னங்க அண்ணா ஆயிரும்?"

நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பி, ஊட்ல ஒரு பொண்ணுக்கு மாப்பிள பாக்கறோம். புடிச்சுப்போச்சு. உடனே சம்மதம்னு சொல்லிப்போடறமுங்களா? ஒரு நல்ல நாள் பாத்து, ரெண்டு பக்கத்து ஒரம்பரையும் உக்காந்து, நாலு பெரியவங்க முன்னால வெச்சுத்தான உறுதி வார்த்தை பேசறோம்? அதுக்கப்பறம் மாத்தறதுக்கு ஆருக்காச்சும் வாய் வருமுங்களா? இங்க மொகந் தெரியாத ஒருத்தன் தொபுக்குன்னு வந்து யெஸ்ஸா, நோவான்னு நிக்கறான். அவன் எந்த ஊரு, ஆரு ஊட்டுப் பையன், ஒண்ணுந் தெரியாது. நெம்ப ஈஸியா யெஸ்ஸுங்கறீங்க நீங்க."

பி.எஸ்சி.யில் இந்தப் பாடம் இல்லை.

பிளாப்பி டிஸ்க்குகளுக்கு அவர் வைத்திருந்த முறை வேறு. வைரஸ் பிளாப்பி வழியாகத்தான் வரும் என்று கோர்ஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனவே யார் பிளாப்பி கொண்டுவந்தாலும் முதலில் வாசலோரத்து மெஷினில் போட்டு வைரஸ் தேடும் புரோகிராமை ஓட்டுவார். அதுவரைக்கும் நியாயம். அதற்குப் பிறகு அந்த பிளாப்பியை ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, வெயில் படாத மூலையில் கொஞ்ச நேரம் வைப்பார்.

"எதுக்குங்க அண்ணா இது?"

"சித்த நேரம் கெடக்கட்டுமுங்க. ஒளிஞ்சிருந்தா வெளிய வரும்."

கல்லூரி புராஜெக்டைப் பிரிண்ட் எடுக்க ஓடிவந்த மாணவர்கள் டிபன் பாக்ஸைச் சுற்றிக் காவல் நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன், "மூடியத் தொறந்தா ஆவி வருமாண்ணா?" என்று கேட்டான். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "பாக்கலாமுங்க தம்பி" என்றார்.

இதெல்லாம் நேரத்தைத் தின்னும் சமாச்சாரங்கள். ஆளையே விரட்டிய கதை ஒன்று இருக்கிறது. காரமடையிலிருந்து ஒரு பையன் வாராவாரம் வருவான். நிச்சயம் ஆகியிருந்தது. பெண் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு மெயில் எழுதுவான்; நாங்களும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருப்போம். ஒரு வாரம் எழுதி முடித்து அனுப்பப் போகும்போது, பிரவுசர் வழக்கமாகக் கேட்கும் ஒரு எச்சரிக்கை வந்தது. இணையத்தில் அனுப்பும் தகவலை மற்றவர்கள் பார்க்கக்கூடும், தொடரலாமா? அதைப் படித்தவர் அவன் பின்னால் நின்றிருந்த கேன்சல் அண்ணன்.

"ஏனுங்க மாப்பிள, நீங்க எழுதறத மத்தவங்களும் பாத்துப்போடுவாங்களாமா. பரவால்லீங்களா?"

பையன் திரையைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கடையில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனவன், திரும்பி வரவே இல்லை. "ஒரு நல்ல பையனக் காப்பாத்துனமுங்க" என்றார் அண்ணன். உள்ளே மெஷின் இன்னும் 'தொடரலாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தது. தொடர ஆள்தான் இல்லை.

ரிசல்ட்டு நெருங்கிக்கொண்டிருந்தபோது இன்னொரு தலைவலி கிளம்பியது. மெயில் பார்க்கும் பக்கங்களைத் திறந்தால், 'இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஐந்து மெஷினிலும் வந்தது. அண்ணனுக்கு இது தீபாவளி. "நான் சொன்னனல்லங்க? சர்ட்டிபிகேட்டே இல்லாத ஆளு!" என்று ஒரு வாரம் முழுக்கச் சலிக்காமல் நோ அமுக்கினார்.

விஷயம் வெளியே வந்தது ஒரு ஃபவுண்டரிக்காரரால். அந்தப் பக்கங்களைத் திறக்காமலே அனுப்பும் மெயில் புரோகிராமில், எங்கள் சென்டரின் பொது முகவரியிலிருந்து பம்பாய்க்கு ரேட்டு அனுப்பியிருந்தார். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினார். இல்லை. கடைசியில் எங்கள் பூத்திலிருந்தே போன் போட்டு விசாரித்துவிட்டு, முகம் சிவந்து உள்ளே வந்தார்.

"தம்பி, நம்ம மெயிலு பூராவும் அவிங்க பெட்டில அடீல போய்க் கெடக்குதாமா. அதுல எண்பதாம் வருசத் தேதி போட்டிருக்குதுங்கறான். ஏனுங்க, எண்பதுல எனக்குக் கல்யாணமே ஆகலை. ஃபவுண்டரி எங்கிருந்து வந்துது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்து மெஷின்களின் கடிகாரமும் எண்பதாம் வருஷ ஜனவரியில் நின்றிருந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரிகள் செத்துப்போய்விட்டதால், ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் அவை கம்பெனியில் வைத்த ஆதித் தேதியிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தன. சான்றிதழில் ஒரு கோளாறும் இல்லை. நாங்கள்தான் அது பிறப்பதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். இதை நான் விளக்கியபோது அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "அப்ப நான் நோ அமுக்குனது தப்பில்லீங்களே" என்றார். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

அந்தப் பழைய போர்டுகளுக்கு ஏற்ற பேட்டரி கடையில் கிடைக்கவில்லை. அண்ணன் பழைய மோட்டார் மூளையை எடுத்தார். மூன்று மூன்று பென்சில் செல்களைச் சேர்த்து, கறுப்பு டேப்பில் சுற்றி, ஒயரைப் பற்றவைத்து, ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் தொங்கவிட்டார். குளுக்கோஸ் ஏற்றும் நோயாளிகள் மாதிரி ஐந்தும் வரிசையாக இருந்தன. ஆனால் கடிகாரம் ஓடியது. அவரை நான் மனசாரப் பாராட்டப்போன நேரத்தில், தேதியைத் திருத்தி ஓகே அமுக்க வேண்டிய பெட்டி வந்தது.

"இன்னிக்கு என்ன தேதீங்க தம்பி?"

சொன்னேன்.

"பாக்கலாமுங்க" என்று எழுந்துபோய், பேக்கரிச் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "நீங்க சொல்றது இல்லீங்க. வேற தேதி போட்டிருக்குது." பேக்கரி மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார், தாள் கிழிக்க ஆளில்லை. அச்சடித்த காலண்டருக்கு எதிராக என் சொல் எடுபடவில்லை. அவரை டீ குடிக்க அனுப்பினேன்.

ரிசல்ட்டு நாள் வந்தது. காலையில் நான் பஸ் ஏறும்போதே அம்மா மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பரீட்சை எழுதியது யாரோ, ஆனால் ரிசல்ட்டு எனக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சென்டர் வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பையன்கள், பெண்கள், அப்பாக்கள், அம்மாக்கள், யாரென்றே தெரியாத சிலர். ஒரே போன் லைனை ஐந்து மெஷின்கள் பங்கு போட்டுக்கொண்டு திணறின. நெடுநேரத்துக்குப் பிறகு முதல் மெஷினில் பக்கம் திறந்தது. ஒரு பெண் தன் நம்பரை அடித்து அனுப்பினாள். அடுத்த நொடி அந்தப் பழைய எச்சரிக்கை. தொடரலாமா?

எங்கிருந்தோ அண்ணன் வந்துவிட்டார். மவுஸைக் கையால் மூடிக்கொண்டார்.

"கண்ணு, உங்க நெம்பர மத்தவங்க பாத்துப்போடுவாங்கன்னு சொல்லுதுங்க அம்மணி."

"பாத்தாப் பாக்கட்டுமுங்க! நான் மொதல்ல பாக்கோணுமுங்க!" என்று அவள் அழுதேவிட்டாள்.

பின்னால் சரசக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நான் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா, கையெடுத்துக் கும்புடறனுங்க. இன்னிக்கு ஒரு நாள் உடுங்க. இது ஓடலீன்னா நாளைக்கு நான் தறிக்குப் போகோணும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்த விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது என்று அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. மெல்ல மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க அமுக்குங்க தம்பி. நான் வெளிய நிக்கறேன்."

அப்படியே போய்விட்டார். வெயிலில், ரோட்டைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் யெஸ் அமுக்கினேன். அந்தப் பெண் பாஸ். கூட்டம் கை தட்டியது. அவளுடைய அம்மா, சம்பந்தமே இல்லாத ஒரு பையனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இன்னும் சிலருக்குப் பார்த்துச் சொல்வதற்குள் இரண்டு மெஷின் நின்றுவிட்டது, ஒன்று சட்டவிரோதம் செய்தது, லைன் அறுந்தது. பொறுத்துப் பார்த்த கூட்டம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனது. சரசக்கா எதிர்வரிசையையே பார்த்தபடி வாசலில் நின்றார்.

மறுநாள் நான் போனபோது, கிரைண்டர் கடைக்காரர் பின் அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி என்னையே கேட்டார். தள்ளினேன். வேறென்ன செய்ய?

அண்ணன் தன் ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்துப்போக வந்திருந்தார். சரசக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, பத்து வருசமா எங்கூட்டு மோட்டாரப் பாக்கறீங்க. ஓடுமான்னு கேட்டா ஒரு தடவையாச்சும் வாயத் தொறந்து பதில் சொல்லியிருக்கறீங்களா? இன்னிக்காச்சும் சொல்லுங்க. இதுக தேறுமா, தேறாதா? ஒரே வார்த்தை."

கிரைண்டர்காரர் டேப்பை இழுத்துப் பிடித்தபடியே நின்றார். அண்ணன் ஐந்து மெஷின்களையும், பின்னால் தொங்கிய செல்களையும் பார்த்தார். அவர் பாக்கலாமுங்க என்று சொல்லப்போகிறார், நான் சாயந்தரம் பஸ் ஏறப்போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

"மெஷினுக்கு நான் வார்த்தை குடுக்க மாட்டனுங்க அக்கா. அதுக என்ன பண்ணும்னு அதுகளுக்கே தெரியாது" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தத் தம்பிக்கு வேணாக் குடுக்கறேன். இவுரு பாத்துக்குவாருங்க."

"அப்ப, இவனுக்கு நீங்க பொறுப்பா?"

"சரிங்க."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். சரசக்காவும் அன்றுதான் கேட்டிருக்க வேண்டும். கிரைண்டர்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, ஒரு கிரைண்டர் போதும். அந்த மூலைல போடுங்க."

அதன்பின் எங்களிடம் இன்டர்நெட் பார்க்க வந்தவர்கள் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில்தான் பார்த்தார்கள். சிலர் மெயில் அனுப்பிவிட்டு, போகும்போது மாவும் வாங்கிப் போனார்கள். அப்பா அந்த இரண்டு தறியை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டார்.

வார்த்தை கொடுத்ததற்கு அடுத்த நாள் காலை, கடை திறக்கும் முன்பே அண்ணன் வாசலில் நின்றிருந்தார். ரிப்பேர் எதுவும் இல்லையே அண்ணா என்றேன்.

"பொறுப்புன்னு சொல்லிப்போட்டனல்லங்க தம்பி. வந்து பாக்க வேண்டாமுங்களா?"

பார்த்தார். தினமும் வந்து பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் அமுக்கிய ஒவ்வொரு ஓகேக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். என்னால் ஒரு பக்கத்தை நிம்மதியாகத் திறக்க முடியவில்லை. இரண்டு வருஷம் இந்த வதை நடந்தது. இடையில் காய்ச்சல், விசேஷம் என்று அவர் வராத நாள் எப்போதாவது வரும். அன்றைக்குக் கேட்க ஆளில்லாமல் ஓகே, ஓகே என்று அமுக்கி, எல்லா வேலையையும் சீக்கிரமே முடித்துவிடுவேன். முடித்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.